எந்த மனிதனுடையது?

“ஆள் உயிரோட இருக்காரா, செத்துட்டாரா?”

கேட்டவர் சுங்க அதிகாரி. மேசைமேல் மூடி திறந்துகிடந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து குளிர்ப்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. டிரை ஐஸுக்கு நடுவே, சுண்டுவிரல் அளவில் ஒரே ஒரு குப்பி.

“அப்படி ஒரு ஆளே கிடையாது சார்” என்றாள் அவள். அவள் ஆராய்ச்சிக்கூடத்து உதவியாளர்; வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை வாங்கி வரச்சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள்.

“மனிதப் புரதம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஆளே கிடையாதுங்கறீங்க.”

அவள் விளக்கினாள். இது யார் உடம்பிலிருந்தும் எடுத்ததில்லை. மனித மரபணுவை வேறு செல்களுக்குள் வைத்து, தொட்டியில் வளர்த்து, அவை செய்து கொடுத்ததைச் சுத்தம் செய்து பிடித்தது. செய்முறைதான் மனிதனுடையது, சரக்கு இல்லை. அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில், அந்த மரபணு எந்த மனிதனுடையது என்று கேட்டாரே பார்க்கலாம்.

மனித உடற்பொருள் என்றால் கொடுத்தவர் சம்மதம் வேண்டும். இறந்திருந்தால் குடும்பத்தார் சம்மதம் வேண்டும். விதி அப்படி. விதியை எழுதிய புண்ணியவான் தொட்டியில் விளையும் புரதத்தை எங்கே கண்டார்?

அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. உட்கார நாற்காலி போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். முன்பு ஒருமுறை வாய்வார்த்தையை நம்பி ஒரு பார்சலை விட்டுவிட்டு, மெமோ வாங்கி, பதவி உயர்வையும் கோட்டைவிட்டவர். மேலதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னால் உண்டு, இல்லையென்றால் நாளன்றைக்கு வாருங்கள், நாளைக்கு நான் லீவு என்றார்.

மூடியையாவது மூடிக்கொள்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தாள். சோதனையில் இருக்கும் பொருளைத் தொடக்கூடாதாம். பெட்டி திறந்தபடியே கிடக்க, அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடிபட்டால் ரத்தம் நிற்காத பிள்ளைகள் சிலருக்கு, இதுவரை கேட்டுவந்த மருந்து கேட்காமல் போயிருந்தது. அவர்கள் ரத்தமே மருந்தை எதிர்க்கிறதா என்று இந்தப் புரதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளை நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியாகிவிட்டது. இது கெட்டுப்போனால் அடுத்த குப்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எந்தப் பிள்ளையும் ஓடக்கூடாது, விழக்கூடாது.

“இதுக்காகக் குழந்தைங்க காத்துக்கிட்டிருக்காங்க சார்.”

“இங்க வர்ற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குழந்தை காத்துக்கிட்டுத்தான் இருக்கும் தங்கச்சி” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மேலதிகாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பெட்டியை எட்டிப்பார்த்து, இது அந்த வகையே இல்லையப்பா, விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியில் புகை நின்று வெகுநேரமாகியிருந்தது. டிரை ஐஸ் இருந்த இடம் தெரியவில்லை. குப்பியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டு சிவந்திருந்தது. சூடு ஏறிவிட்டது, இனி இது எதற்கும் உதவாது என்று அதற்கு அர்த்தம். அதிகாரிக்கு அது தெரியாது. “நல்லபடியா கிடைச்சிடுச்சு பாருங்க” என்று தானே மூடியை மூடி, டேப்பும் ஒட்டிக் கொடுத்தார். அவரைத் திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

வெளியே வராந்தாவில் நின்று தலைமை ஆராய்ச்சியாளருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர், பெற்றோர்களுடைய நம்பரை அனுப்புகிறேன், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்குள் வேண்டாமென்று சொல்லிவிடு என்றார்.

எதைச் சொல்லி எப்படி ஆரம்பிப்பது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதல் நம்பரை அழுத்தினாள். அவள் காதில் மணி அடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு போன் அடித்தது.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை விஷயமாகப் பேசுகிறேன் என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி போனோடு எழுந்து நின்றார்.

“நாளைக்குத்தானேம்மா? புள்ளையக் கூட்டிக்கிட்டு முதல் ஆளா வந்துடறோம்.”