கழலாத நட்டு

தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் அத்தானும் மச்சினனும். எதிரே, கம்பத்தோடு நிமிர்த்திச் சங்கிலி போட்டிருந்த சைக்கிளின் முன்சக்கரத்தருகே ஒருவன் ஸ்பேனரோடு குத்துக்காலிட்டிருந்தான்.

"பாவம் அத்தான், வேர்த்துக் கொட்டுது. கொஞ்சம் தண்ணி குடுத்துட்டு வரட்டா?"

"சும்மா இருடா. தொழில் பண்றவனைத் தொந்தரவு பண்ணாதே."

சைக்கிள் அத்தானுடையதுதான். முன்பெல்லாம் அதன் சக்கரம் கையால் நெம்பினாலே கழன்றுவிடும். அவருக்கு வசதி, திருடனுக்கும் அதே வசதி. இரண்டு சக்கரம் பறிபோன பிறகு மச்சினன் எங்கிருந்தோ ஒரு திருட்டுத் தடுப்பு நட்டு வாங்கி மாட்டிவிட்டு, அதோடு வந்த குறிப்பைத் தொலைத்துவிட்டான். அதன்மேல் வழவழவென்று ஒரு மூடி. ஸ்பேனர் வைத்தால் மூடி மட்டும் வெறுமனே சுற்றும்.

இப்போது அச்சுக்குள் ஏதோ நொறுங்கிச் சக்கரம் சுற்ற மறுத்தது. கழற்றினால்தான் புதுச் சக்கரம் போட முடியும். சாயங்காலம் சைக்கிளோடு வராவிட்டால் மருந்துக் கடையில் டெலிவரி வேலை வேறு ஆளுக்கு. சைக்கிள் கடைக்காரர்கள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள்.

"கழட்டத் தெரிஞ்சவன் ஊர்ல ஒருத்தன்தான்" என்றான் மச்சினன். அதனால்தான் சக்கரங்கள் காணாமல் போகும் இந்த ஸ்டேஷன் வாசலில் வண்டியைக் கட்டிவிட்டு, திருடனுக்காகக் காத்திருந்தார்கள்.

திருடன் குனிந்து நட்டைத் துடைத்துப் பார்த்தான். பெருமூச்சு விட்டு எழுந்து நடையைக் கட்டினான்.

அத்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "ஐயா, போயிடாதீங்க! இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க!"

"நீங்க யாரு?"

"சைக்கிளுக்குச் சொந்தக்காரன்."

திருடன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நிக்க வச்சுக் கட்டிட்டு முயற்சி பண்ணுன்னா எப்படி சார்? மூடிக்குள்ள சுத்தியும் சின்னச் சின்ன ஆணி. வண்டி நின்னாலும் கவுந்தாலும் ஏதாவது ஒண்ணு விழுந்து பூட்டிக்கும். சங்கிலியை அவுத்து ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க, மூடி தானா கழண்டு வரும்."

படுக்கப் போட்டார்கள். மூடி கையோடு வந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?" அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் சைக்கிளுக்கும் இதே நட்டுதான் சார். இந்த ஊர்ல ஒருத்தனையும் நம்ப முடியல."