பீப்பாயின் கடைசித் துண்டு

கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்புக்கு முந்தைய ஞாயிறு. ஏரோ தீவின் சாக்லேட் கடையில் போர் மூண்டிருக்கிறது. உத்தரத்தில் தொங்கும் சாக்லேட் பீப்பாயின் கடைசித் துண்டைக் கட்டையால் அடித்து வீழ்த்துபவருக்கே காகிதக் கிரீடம். ஒன்பது வருடமாக அது மாலுமி எகோனின் தலையில்தான். இப்போது தபால்காரி தோரா விளாசுகிறாள். ஜன்னல்கள் அலறுகின்றன, கறுப்புச் சில்லுகள் பறந்து போதகரின் தாடியில் குத்தி நிற்கின்றன. கயிற்றில் உள்ளங்கையளவு ஒரே துண்டு. எகோன் எம்பி அதைப் பல்லால் கவ்விக்கொள்கிறான். "கடிச்சா செல்லாதுய்யா கிழவா, விடு!" என்று கத்துகிறாள் தோரா. "ம்ஹூம்!" "கயித்துல இருக்கற வரைக்கும் அடிக்கலாம். அதானே சட்டம், மெட்டே?" கடைக்காரி மெட்டே கிரீடத்தோடு பின்வாங்குகிறாள். "ஆமா தோரா. அவர் கண்ணாடிய மட்டும் கழட்டிட்டு அடி." தோரா அவன் மூக்குக்கண்ணாடியைப் பதமாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கட்டையை ஓங்குகிறாள். எகோனின் வாய் தானாகத் திறக்கிறது.