வந்த வழி

தோளைத் தொட்டால் போதும்.

புருஷன் அவளுக்கு முன் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கை நீட்டினால் எட்டும்.

அவள் தொடவில்லை.

ஜீப்பில் எல்லோரும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் புதருக்குள் மான் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மான் கத்தினால் புலி பக்கத்தில் இருக்கும் என்று டிரைவர் இன்ஜினை அணைத்திருந்தார். அவன் பெரிய லென்ஸைப் புதருக்கு நேராக வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தான்.

புலி வலப்பக்கம் நின்றது.

மூங்கிலுக்குக் கீழே, முழுசாக, காலை வெயிலில். அவளை மட்டும் பார்த்துக்கொண்டு.

நேற்றே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தான். புலியைப் பார்த்தால் கத்தக்கூடாது. கை நீட்டக்கூடாது. முன்னால் இருப்பவரின் தோளை மெல்லத் தொட வேண்டும். காட்டில் அதுதான் மரியாதையாம்.

மரியாதை! பெரிய மரியாதை தெரிந்தவர்.

ஆறு மாதம் முன்பு அவளுக்கு வலி வந்தபோது அவன் இதே காட்டில்தான் இருந்தான். சிக்னல் இல்லை. சரி, காட்டில் சிக்னல் இருக்காது. அதை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளை தங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். பிறகு, அவள் மனசு மாறட்டும் என்று நினைத்தானோ என்னவோ, கேமராவைத் திறந்து காட்டினான்.

கௌரி. அவன் பெயர் வைத்த பெண்புலி. கூடவே மூன்று குட்டிகள்.

"பாரேன், மூணும் பொழைச்சிருக்கு."

ஒருத்தன் இப்படியும் சொல்வானா? சொன்னான். கண்ணில் பொட்டு ஈரம் இல்லாமல் சொன்னான்.

அதில் ஒரு குட்டி போன மாதம் செத்துப்போனது. முகநூலில் நீளமாக எழுதினான். ஊரே வந்து ஆறுதல் சொன்னது. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான். 'பெயர் வைப்பதற்குள் போய்விட்டாயே' என்று முடித்திருந்தான்.

அந்த வரியை அவள் அடுப்படியில் நின்று படித்தாள். போனைத் தூக்கி உலையில் போட்டிருக்க வேண்டும்.

போடவில்லை. காட்டுக்கு வா, மனசு லேசாகும் என்று கூப்பிட்டான், வந்தாள். லேசாவதற்கு அவள் வரவில்லை. அவனுக்குப் பிடித்த இடத்திலாவது அந்தப் பிள்ளையின் பேச்சை எடுப்பான் என்று வந்தாள். ஒரே ஒரு தடவை. ஒரு வார்த்தை.

வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. கன்ஹாவில் சால மரங்களுக்கு நடுவே இறங்கும் பனி. காசிரங்காவில் காண்டாமிருகம் புல்லைக் கடிக்கும் சத்தம். ரந்தம்போரில் இடிந்த மண்டபத்தில் படுத்திருக்கும் புலி. அவன் பேசாத காடு இல்லை. அதை மட்டும் பேசவில்லை.

காலையில் வண்டி கிளம்பும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் சொன்னார்.

"காட்டுக்குள்ள வந்துட்டா வீட்டு நெனப்பே வராதுங்க. அதுக்குத்தானுங்க வர்றதே."

அவன் தலையாட்டினான். எப்படி ஆட்டினான்! கழுத்து சுளுக்கிக்கொள்ளாதது ஆச்சரியம்.

புலி ஒரு காதை அசைத்தது. பார்வையை எடுக்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் அவளை யாரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. மாமியார் சுவரைப் பார்த்துப் பேசுவாள். தெருவில் தெரிந்தவர்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இது பார்த்தது. பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்கவில்லை. சும்மா பார்த்தது.

ஓ, இதற்குத்தான் வருகிறார்களா?

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தியமாகப் பயம் இல்லை. இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் தோன்றியது. அவனுக்குக் கொடுக்கவே மாட்டேன்.

புலி திரும்பியது. அவசரமே இல்லாமல் மூங்கிலுக்குள் நுழைந்தது. வால் கடைசியாக மறைந்தது.

மூங்கில் அசைவது நிற்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். மெல்ல. சொல்லிக்கொடுத்தபடியே.

வெடுக்கென்று திரும்பினான். "எங்க?"

"போயிடுச்சு."

"போயிடுச்சா? நீ பார்த்தியா? கௌரியா?"

"பேர் கேக்கல."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ரொம்ப நேரம்."

"அடிப்பாவி! ஏன்டி அப்பவே தொடல?"

குரல் உடைந்தது. கேமரா மடியில் சரிந்தது. கண் இரண்டும் நிறைந்து, வழிந்தே விட்டது. கோயம்புத்தூர்க்காரர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க தம்பி. மறுக்கா வருமுங்க."

அவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகிறது. இவனுக்கும் கண்ணீர் வருகிறது.

"எந்தப் பக்கம் போச்சு? அதையாவது சொல்லித் தொலை."

அவள் மூங்கிலைப் பார்க்கவில்லை. கையை நன்றாக நீட்டி, ஜீப்புக்குப் பின்னால், வந்த வழியைக் காட்டினாள்.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். அவன் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸைத் தூக்கினான். மெதுவா, மெதுவா என்று டிரைவரிடம் கிசுகிசுத்தான்.

அந்த வழியில் புலி இல்லை. காட்டை விட்டு வெளியே போகிற வழி அது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.