பலகையில் ஒட்டிய தாள்

வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் ஜொஹரா சொந்தமாக வீடு வாங்கிவிட்டாள். வீட்டுக்காரர் சபாபதிக்கு நஷ்டம் வரக்கூடாதென்று, அடுத்துக் குடிவர சக்கீனா டீச்சரை அவளே அழைத்துவந்து வாசல் கேட் அருகே நிறுத்திவிட்டு, இனிப்புப் பெட்டியோடு உள்ளே போனாள்.

“சொந்த வீடா! கொடுத்து வச்சவம்மா நீ. அக்ரிமென்ட் கெடக்கு, விடு.” லட்டை மென்றபடியே சபாபதி கட்டிலுக்கடியிலிருந்து ‘வீடு வாடகைக்கு’ என்ற தகரப் பலகையை இழுத்தார். அதன் கீழ்வரி மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன், பெயரைக் கேட்டதுமே இருபத்திரண்டு வீடுகள் இல்லையென்று சொன்ன பிறகு அவள் இங்கே வந்து நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துவந்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அவள் கண்ணெதிரே ஒட்டிய தாள் அது. அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சக்கீனாவிடமும் சொல்லித்தான் கூட்டிவந்தாள்.

சபாபதி சொம்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நகத்தால் தாளை உரித்தார். மற்ற எழுத்துகள் துருவேறிக் கிடக்க, ‘சைவம் மட்டும்’ என்ற இரண்டு சொற்கள் நேற்று எழுதியவைபோல் வெளியே வந்தன.

“அத ஏன் ஐயா எடுக்குறீங்க?”

“உனக்காக ஒட்டுனதும்மா. நீதான் போறியே.”

அன்பாகத்தான் சொன்னார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“வாசல் கேட் பக்கத்துல யாரோ முக்காடு போட்டுகிட்டு நிக்கிறாங்களே, உனக்குத் தெரிஞ்சவங்களா?”

அவர் நகத்தில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்குத் தாளையே ஜொஹரா பார்த்துக்கொண்டு நின்றாள்.