சின்னவர் கிளப்பிய யானைகள்

புது சர்வரை ஆன் செய்து எழுப்பிவிட்டு, அறையின் மறுகோடியில் இருந்த தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள் ரூபா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பேசி சிணுங்கியது.

"சானமாவு காட்டில் யானைக் கூட்டம் சாலையைக் கடக்கிறது. அந்த வழியில் வர வேண்டாம்."

அவள் பயந்துபோனாள். யானைகளை நினைத்து அல்ல, தன்னை நினைத்து.

ஓசூரில் அந்தத் தொழிற்சாலையின் ஷிப்ட், பஸ், கேன்டீன், மெசேஜ் எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரு பழைய சர்வர். 'பெரியவர்' என்று அதற்குப் பெயர். பெரியவருக்கு அடிக்கடி மூச்சு வாங்குவதால், அவரிடம் உள்ளதை அச்சு மாறாமல் ஒரு புது இயந்திரத்தில் குளோன் எடுத்து வைக்கும் வேலை ரூபாவுக்கு. புதியவர் 'சின்னவர்'.

"பெரியவர் செய்யறதெல்லாம் சின்னவரும் செய்வாரு," என்று மேனேஜர் ஆனந்தராஜ் நேற்றே எச்சரித்திருந்தார். "கண்ண முழிச்சதும் பழைய மெசேஜ எல்லாம் எடுத்து ஊருக்கே அனுப்பி வெச்சிருவாரு. அதனால நெட்வொர்க் வயர புடுங்கிட்டுத்தான் எழுப்பணும். வயர் இல்லன்னா அவரு ஊமை."

நகல் எடுப்பதற்காக அந்த நீல வயரை அறையின் குறுக்கே இழுத்துச் செருகியது அவள்தான். நகல் முடிந்து நேற்று மாலை கிளம்பும்போது அதிலேயே கால் மாட்டி விழப் போனாள். துப்புரவு வேலை செய்யும் முனிலட்சுமி பாய்ந்து பிடித்திராவிட்டால் முன்பல் போயிருக்கும்.

"கீழ பாத்து நட கண்ணு. கம்ப்யூட்டரு உன்ன வுட்டுட்டு எங்க ஓடிப்போவுது?" என்று சிரித்தாள் அவள்.

இன்று வயர் ஞாபகமே இல்லை. வந்தாள், எழுப்பினாள், அவ்வளவுதான்.

போன மாதம் வந்த அதே வாசகம். காட்டிலாகாவில் இருந்து தகவல் வந்தால் கேட்டில் காவலுக்கு இருக்கும் லால் பாஷா ஒரு பட்டனை அமுக்குவார். எப்போதும் இதே வாசகம்தான் எல்லாருக்கும் போகும். அதைச் சின்னவர் இப்போது தானாக எடுத்து அனுப்பிவிட்டார்.

துடைத்துப் பளபளவென்று கிடந்த தரையில் ஒரே ஓட்டமாக ஓடி, சின்னவரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தாள். கேட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், லால் பாஷா ரோட்டில் இரண்டு கைகளையும் விரித்தபடி, ஷிப்ட் முடிந்து போகும் பைக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாவம், தன்னால் அவருக்கும் சண்டை.

பேசாமல் இருந்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது?

தூரத்தில் மலைக்கோயில் தெரிந்தது. சந்திரசூடேஸ்வரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறைக்க மனம் வரவில்லை. ஆனந்தராஜைக் கூப்பிட்டாள்.

"சார், தப்பு பண்ணிட்டன். வயர புடுங்காம எழுப்பிட்டன். யானை மெசேஜ் போயிடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "திட்டறத அப்பறம் வெச்சுக்கறன். சானமாவு வழியா வர்ற உத்தனப்பள்ளி ஆளுங்க வரலன்னா ரெண்டாவது ஷிப்ட் படுத்துடும். பெரியவர்கிட்ட இருந்து மாத்தி ஒன்னு தட்டி வுடு. சீக்கிரம்."

வைப்பதற்குள் அவள் கணவன் வெங்கட் அழைத்தான். இதே தொழிற்சாலைதான் அவனுக்கும், இரண்டாவது ஷிப்ட்.

"ரூபா, காடு ஆரம்பிக்கற எடத்துல நிக்கறம். பத்துப் பதினஞ்சு வண்டி. யானையும் காணம், பூனையும் காணம். கெலமங்கலம் சுத்தி வந்தா லேட்டாயிடும். என்னா பண்றது?"

"அது பழைய மெசேஜுங்க. என் தப்பு. இப்பவே மாத்தி அனுப்பறன். அது வந்ததும் எல்லாரும் கெளம்பிடுங்க."

"அதானே பாத்தன். உன்னால யானைக்குத்தான் கெட்ட பேரு," என்று சிரித்தபடி வைத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. இதோடு அனுப்பிவிடுவார்களோ? அவசர அவசரமாகத் தட்டினாள்: "முந்தைய செய்தி தவறானது. சானமாவு வழியாக வழக்கம்போல் வரலாம்."

அனுப்பப் போன கையின் மேல் இன்னொரு கை விழுந்தது. முனிலட்சுமி, டீ டம்ளரோடு நின்றாள்.

"மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது? மொதல்ல ரெண்டு வாய் குடி."

"இரு அக்கா, இத அனுப்பிட்டு..."

"அது எங்கியும் ஓடாது. டீ ஆறிடும்."

அவள் விரல்களைப் பிரித்து டம்ளரைத் திணித்தாள். அந்தக் கையின் கதகதப்பில் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை ரூபாவுக்குப் பொங்கிவிட்டது.

"மொதல்லயே அந்த நீல வயர மட்டும் புடுங்கி இருந்தன்னா இவ்ளோ வினை இல்லக்கா."

முனிலட்சுமி புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"நேத்து நீ வுழப் பாத்தியேன்னு, காலையில கூட்டறப்பவே நான் அத புடுங்கிச் சுருட்டி வெச்சிட்டனே கண்ணு."

ரூபா ஜன்னலைப் பார்த்தாள்: லால் பாஷா இன்னும் கைகளை விரித்தபடி, ஒரு வண்டியையும் விடாமல் மறித்துக்கொண்டிருந்தார்.