கோழிக் கடைக்குப் பூட்டு

“அந்த ஆளைச் சும்மா விட்டா நான் உன் அண்ணனே இல்ல.”

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து விறுவிறுவென்று கிளம்பினான் அண்ணன். தங்கை தடுக்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில், அவள் கணவர் கிடந்தார். வேன் டிரைவர். காய்ச்சல் என்று ஒருநாள்கூட லீவு போடாதவர். சவாரி முடிந்து வரும் வழியில் தெருமுனைக் கடையில் சுட்ட கோழி சாப்பிட்டார். வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, காய்ச்சல் ஏறி, ஆளையே சுருட்டிப் போட்டுவிட்டது.

“கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்மா. போட்ட மருந்து எதுவும் கேட்க மாட்டேங்குது” என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார்.

அண்ணன் போனபோது அதிகாரிகள் கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஓரமாக நின்றிருந்தார். அண்ணன் நேராகப் போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

“தெரிஞ்ச கடைன்னு நம்பித்தானேய்யா வந்தோம்? ஊர் குடியைக் கெடுத்துட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

கடைக்காரர் கையைத் தட்டிவிடவில்லை.

“டிரைவர் இப்ப எப்படி இருக்காருங்க?”

“செத்தா சொல்லி அனுப்புறேன், போ.”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் அண்ணனை விலக்கிவிட்டார். “விடுங்க சார். யாரோ முன்னாடியே போன் பண்ணித் தகவல் கொடுத்துட்டாங்களாம். இன்னிக்குப் பரிசோதனை முடிவு வந்ததும் பூட்டிட்டாங்க.”

“எந்த மகராசனோ, அவன் நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் அண்ணன்.

அன்றைக்கே டாக்டர் மருந்தை மாற்றினார். மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் கணவர் கண்ணைத் திறந்தார்.

“வேனை நிழல்ல நிறுத்தினாங்களா?”

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வெளியே வந்த டாக்டரை அண்ணன் கும்பிட்டான். “மாப்பிள்ளை உசிரை மீட்டுக் கொடுத்துட்டீங்க.”

“பாதிப் புண்ணியம்தான் எனக்கு” என்றார் டாக்டர். “கறி உள்ளே சரியா வேகல, அது ஒரு தப்பு. ஆனா கிருமி இவ்வளவு முரடாகக் காரணம் வேற. பண்ணைகள்ல கோழிக்கு நோய் வந்தாலும் வராட்டாலும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறாங்க. அதுலயே பழகித் தேறின கிருமி இது. நாம வழக்கமாப் போடுற ஊசியெல்லாம் எருமை மேல பெய்த மழைதான்.”

“அப்புறம் எப்படி டாக்டர் சரியாச்சு?” என்றாள் தங்கை.

“இது எந்த மருந்துக்கு மடங்கும்னு லேப்ல வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு நாள் பிடிக்கும். உங்க வீட்டுக்காரர் ரத்தத்தை எடுத்து அதுக்கப்புறம் ஆரம்பிச்சிருந்தா, முடிவு வர்ற வரைக்கும் அவர் தாங்கியிருக்க மாட்டார். நல்ல காலம், அவர் இங்க வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கறி லேப்ல இருந்தது.”

“எப்படி?”

“சாப்பிட்ட யாரோ ஒருத்தருக்கு முடியலன்னு கேள்விப்பட்டதுமே ஒருத்தர் மிச்சக் கறியை ஐஸ்ல வச்சு எடுத்துட்டு ஓடி வந்தார். ‘இன்னும் எத்தனை பேர் சாப்பிட்டாங்களோ, சீக்கிரம் பாருங்க’ன்னு கெஞ்சினார். சுகாதார அலுவலகத்துக்குப் போன் பண்ணினதும் அவர்தான். அந்த முடிவை வச்சுத்தான் சரியான மருந்தைப் போட்டோம். உங்க வீட்டுக்காரர் மட்டுமில்ல, அதே வார்டுல இன்னும் ரெண்டு பேர் பிழைச்சாங்க.”

அண்ணன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். “யாரு டாக்டர் அந்த மனுஷன்? அவர் கால்ல விழணும் நான்.”

“கீழேதான் இருக்கார். தினமும் வந்து, எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டுப் போறார். மேல வாங்கன்னா வரமாட்டேங்கிறார்.”

டாக்டர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். வாசல் பெஞ்சின் ஓரத்தில் கோழிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“தன் கடையைப் பூட்டச் சொல்லித் தானே போன் பண்ணின ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார் டாக்டர்.

தங்கை அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

“இரும்மா” என்று பின்னாலேயே ஓடினான் அண்ணன். “முதல்ல நான் போகணும்.”