தும்மல்

‘குட்டிக்கொம்பு’ கார்ட்டூன் மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்தது. அதன் ரசிகர் குழுவில் இருந்த நூற்றுப்பத்துப் பேரும் மீசை வைத்த ஆம்பளைகள். ஊர், பேர், வேலை எதையும் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது என்பது குழுவின் சட்டம்.

அன்று அட்மின், கார்ட்டூனில் வரும் காண்டாமிருகக் குட்டியின் தும்மல் சத்தத்தை அனுப்பியிருந்தார். “எல்லாரும் இதையே மெசேஜ் டோனா வெச்சுக்குங்கப்பா!”

குழுவில் ஒருவனான லேத் பட்டறைக்காரன் வைத்துக்கொள்ளவில்லை. அவன் போன் எப்போதும் சைலண்ட். வீடும் அப்படித்தான். அடுத்தடுத்த அறையில் இருந்தும், அப்பாவும் அவனும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷமாகிறது. கேஸ் தீர்ந்தால்கூட ஃபிரிட்ஜ் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டுவதோடு சரி.

மனசுவிட்டுப் பேச அவனுக்கு இருந்தது குழுவில் ‘வாலு மாமா’ ஒருவர்தான். வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் சாய்ந்தபடி அவருக்கு அனுப்பினான்.

“மாமா, வேற ரூம் பாத்துட்டேன். நாளைக்கு வீட்டைவிட்டுக் கெளம்பறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் காண்டாமிருகக் குட்டி தும்மியது.

அவன் வெறும் ஒரு புள்ளியை அனுப்பிப் பார்த்தான். மறுபடியும் தும்மல்.

திரையில் பதில் வந்தது. “அவசரப்படாத தம்பி. மொதல்ல அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

அவன் தட்டினான்.

“இப்பத்தான் சொன்னேன்.”

அடுத்த அறையில் தும்மல் கேட்டது.